எல்லை தாண்டினால் இழப்பீட்டுச் சட்டம் மாறுமா?
அண்டை மாநிலத்தில் சாலை விபத்தில் காயம்பட்டால் அம்மாநிலச் சட்டப்படி, அங்குள்ள நீதிமன்றத்தில்தான் இழப்பீடு கோர முடியும் என்று, சாலை விபத்தையும் மீன்பிடிப் படகில் படும் காயத்தையும் சேர்த்துப் பேசும் ஒரு கட்டுரை சொல்வது சரியன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அது ஒன்றே. அதன் 166(2) பிரிவின்படி, விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதியிலும், எதிர்மனுதாரர் வசிக்கும் பகுதியிலும் உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். மண்டபத்திலிருந்து கொல்லத்துக்கு மீன் ஏற்றிச் சென்ற லாரி கேரள எல்லைக்குள் ஆரியங்காவு அருகே கவிழ்ந்து என் தங்கை மகனுக்குத் தொடை எலும்பு முறிந்தபோது, இராமநாதபுரத்திலேயேதான் மனுச் செய்தோம். எங்களை அலையவைத்தது சட்டமன்று, காகிதங்கள்தாம்: முதல் தகவல் அறிக்கையும் மகஜரும் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் குறிப்பு) மலையாளத்தில் இருந்ததால் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டியிருந்தது, மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் தகப்பனார் பெயர் தவறாக இருக்க, அதைத் திருத்தி வாங்கவே தனியாக ஒருமுறை மலையேறிப் போய்வந்தோம். கேரள வழக்கறிஞர் இல்லாமல் எதுவும் நடக்காது என்று அக்கட்டுரைக்குக் கருத்து எழுதியுள்ள நண்பர், 2019 திருத்தம் இத்தகைய மனுவுக்கு விபத்து நாளிலிருந்து 6 மாதக் கெடு வைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். வெளியூரில் வக்கீல் தேடியே அந்தக் காலம் ஓடிவிடும். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கயிற்றில் கை சிக்கிக் காயம்படுவது வேறு கதை: அது மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்துக்கு வராது, தொழிலாளர் இழப்பீட்டு வழியில் கோர வேண்டியது, கட்டுரையாளர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்.