டிஎன்பிஎஸ்சி எழுதலைங்க, சும்மாதான் படிக்கிறேன்

ஞாயித்துக்கிழமை காதுகுத்துல நடந்தது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு அந்த போட்டோவே வந்திருக்கும். மண்டபத்து மூலையில பிளாஸ்டிக் சேர் போட்டு நான் புக் படிக்கிறேன், கீழ "கலெக்டரம்மா ரெடியாகுறாங்க"ன்னு எழுதி குடும்ப குரூப்ல போட்டுட்டாரு எங்க சித்தப்பா. 36 சிரிப்பு பொம்மை. ஆமா, எண்ணினேன்.

சித்தப்பா, எனக்கு 44 வயசு. டிஎன்பிஎஸ்சி எழுதல, டெட் எழுதல. சும்மா படிக்கிறேன். சும்மா படிக்கிறதுன்னு ஒண்ணு இருக்கு.

தர்மபுரியில புக்கைக் கையில எடுத்தாலே என்ன எக்ஸாம்னுதான் கேக்குறாங்க. லைப்ரரி போனா டேபிள் பூரா குரூப் 4 பசங்க, பாவம் அவங்களைச் சொல்லல, ஆனா என்னைப் பாத்ததும் "பையனுக்கு எடுக்க வந்தீங்களாக்கா"ன்னு கேட்டா என்ன சொல்றது? எனக்குத்தாண்டா, சும்மா.

விசேஷ வீட்டுல புக் படிக்கிறது மரியாதையான்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. சரி, தப்புதான். ஆனா மாடியில சீட்டாடிட்டு இருந்தவங்களை யாரும் போட்டோ எடுக்கலையே? காலையில அஞ்சு மணியிலருந்து பந்திக்கு இலை போட்டது யாருன்னு அந்த அக்காவுக்கே தெரியும். போன்லயே படிக்கலாமேன்னு ஒரு தம்பி. விடுப்பா.

படிச்சது புறநானூறு, உரையோட. புத்தகத் திருவிழாவுல வாங்கினது. ஸ்கூல்ல அதியமான்னா ஔவைக்கு நெல்லிக்கனி, ரெண்டு மார்க், முடிஞ்சுது. அப்புறம் நல்லம்பள்ளிக்கு வேலைக்குப் போற பஸ்ல தினமும் "அதியமான்கோட்டை எறங்கு"ன்னு கண்டக்டர் கத்துறதைக் கேட்டே பத்து வருஷம் ஓடிப்போச்சு, அந்த ஆளு யாருன்னு ஒருநாளும் தோணல. ஓலைச்சுவடியைத் தேடித் தேடி இந்தப் புறநானூறை 1894ல உ.வே.சா. அச்சுல கொண்டுவந்தாரே, அவர்கிட்டயும் என்ன எக்ஸாம்னு கேட்டிருப்பாங்களோ என்னவோ.

235ஆவது பாட்டு. அதியமான் செத்துட்டான், ஔவை பாடுறா. கொஞ்சூண்டு கள்ளு கிடைச்சா எங்களுக்கே குடுத்துடுவான், நிறைய கிடைச்சா நாங்க பாட அவனும் சேந்து குடிப்பான்னு ஆரம்பிக்கிறா. அடுத்து ஒரு வரி. நரந்தம்ங்கிற வாசனைப் பொருள் மணக்குற தன் கையால, புலால் நாத்தம் அடிக்கிற என் தலையைத் தடவிக் குடுப்பானே, அது போச்சேங்கிறா. 15 வயசுல இதைப் படிச்சிருந்தா அருஞ்சொற்பொருள் எழுதிட்டுப் போயிருப்பேன்.

எங்க வீட்டுல அது தலைகீழ். அப்பா பாலக்கோட்டு மண்டியில தக்காளி இறக்கிட்டு வருவாரு, சோப்பு போட்டுக் கழுவினாலும் விரல்ல அந்தப் பச்சை வாடை போகாது, அதே கையால எண்ணெய் வெச்சுப் பின்னின என் தலையைத் தடவுவாரு. "கையை எடுப்பா, நாறுது"ன்னு தட்டிவிட்டிருக்கேன். எத்தனையோ தடவை.

அந்த வரியிலதான் இருந்தேன், நீங்க போட்டோ எடுத்தப்போ. தூங்கி வழியிறான்னு குரூப்ல ஒருத்தர் போட்டிருந்தாரு. தூங்கலைங்க, கண்ணைத் துடைச்சுட்டு இருந்தேன்.

அது உங்க அண்ணன் கைதான் சித்தப்பா. புக்கு வீட்டுல ஷெல்ஃப்லதான் இருக்கு, வந்து எடுத்துக்கோங்க. அந்த 235ஆவது பாட்டுல முதல் வரியே கள்ளுதான், பயப்படாம படிங்க.