75.2 கிலோவில் நின்ற 11 வாரங்கள்

தீபாவளிக்கு மறுவாரம் வெள்ளிக்கிழமை காலை என் எடை 75.2 கிலோ. தைப்பொங்கல் கழிந்த மறுவாரமும் அதே 75.2. ஜூன் மாதத்தில் 84 கிலோவில் தொடங்கி ஐந்து மாதங்களில் ஏறக்குறைய 9 கிலோ குறைந்த உடம்பு, அதே உணவு, அதே நடை என்று நான் நம்பிக்கொண்டிருந்தபோதே 11 வாரங்கள் அசையாமல் நின்றுவிட்டது. அந்த வாரங்களில் எனக்கு வந்து சேர்ந்த அறிவுரைகளில் பெரும்பாலானவை தவறானவை என்பதும், சில ஆபத்தானவை என்பதும் இப்போது தெரிகிறது. மன்னார்குடிப் பக்கம் என்னைப் போலவே எடை குறைக்கத் தொடங்கிப் பாதியில் மனம் உடைந்து விட்டுவிட்ட பெண்கள் பலரை அறிவேன். அவர்களை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த அறிவுரைகள். உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் பயிற்சியாளர், இரவு உணவை அடியோடு நிறுத்தச் சொன்னார். சத்துமாவு விற்கும் பெண்மணி ஒருவர், காலையும் இரவும் தன் மாவைக் கரைத்துக் குடித்தால் பத்தே நாளில் எடை மறுபடி இறங்கும் என்று உறுதி கொடுத்தார். என் சின்னம்மாவோ, "ஏண்டி இப்படி எளச்சுப் போயிட்ட, சர்க்கரை எதுவும் வந்துருக்கா?" என்று கண்கலங்கி, நெய் ஊற்றிப் பிசைந்த சோற்றை என் தட்டில் வைத்தார். நம் ஊரில் இளைத்தவரைப் பார்த்தால் நோய்தான் நினைவுக்கு வருகிறது. சின்னம்மாவின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எடை நின்றது என் சோம்பலால் என்று சொன்ன மற்ற இருவரின் பேச்சு என்னை வெகுவாகக் காயப்படுத்தியது; அது உண்மையும் அன்று.

நடந்தது ஒரு கணக்கு. 9 கிலோ என்பது ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தையின் எடை. ஜூன் மாதத்தில் ஹரித்ரா நதி என்னும் எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தின் கரையைச் சுற்றி நடந்தபோது, அப்படி ஒரு குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு நடந்ததற்குச் சமமான வேலையை என் உடம்பு செய்தது. நவம்பரில் அந்தச் சுமை இல்லை. சும்மா படுத்திருக்கும்போதுகூட உடம்பு செலவிடும் ஆற்றலைக் கணக்கிட, 1990இல் வெளியாகி இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்தும் மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தின்படி, ஒவ்வொரு கிலோ குறையும்போதும் நாளொன்றுக்கு 10 கலோரி செலவு குறைகிறது. எனக்கு அது 90 கலோரி, அதாவது இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய். நடை, வேலை ஆகியவற்றில் குறைந்த செலவையும் சேர்த்தால், ஜூனில் என்னை இளைக்கவைத்த அதே சாப்பாடு நவம்பரில் அந்த எடையை அப்படியே வைத்திருக்கப் போதுமானதாகிவிட்டது. நான் அறிந்து எதையும் மீறவில்லை. எனக்குத் தேவையான அளவே மாறியிருந்தது.

இதற்கும் மேலே உடம்பு தானாகவே சிக்கனம் பிடிக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேட்டூரில் நீர்மட்டம் தாழும்போது அணையை ஒரேயடியாக மூடிவிடுவதில்லை. காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுகிறார்கள். அப்போது முதலில் வாடுவது கடைமடை. சாப்பாடு குறைந்த உடம்பும் அப்படித்தான் முறை வைக்கிறது: கை கால் சில்லிடுகிறது, முடி கொட்டுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது, எழுந்து நடக்கவே மனம் வருவதில்லை. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், 36 ஆரோக்கியமான இளைஞர்கள் 24 வாரங்கள் அரைவயிற்று உணவில் இருந்தார்கள். அவர்கள் எப்போதும் குளிரில் நடுங்கினார்கள், நாள் முழுவதும் உணவைப் பற்றியே நினைத்தார்கள், சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். எடை நின்ற உடனே இரவுச் சாப்பாட்டையும் நிறுத்து என்று சொல்பவர்கள், ஏற்கெனவே வாடும் கடைமடைக்குப் போகும் மதகையும் இறக்கச் சொல்கிறார்கள்.

பசியைப் பற்றி எவரும் எனக்குச் சொல்லாததுதான் பெரிய குறை. கெவின் ஹால் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி குறைய, பசியோ ஏறக்குறைய 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. செலவு குறைவதைவிடப் பசி கூடுவது மூன்று மடங்குக்கும் மேல். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கும்போது மூளை அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பசி "நான் பசி" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. கரண்டியில் சோறு சற்றுக் குவிகிறது, தாளிக்கும் எண்ணெய் சற்றுக் கூடுகிறது, பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை வாய்க்குள் போகிறது. நமக்கு நினைவிலேயே நிற்பதில்லை.

இதை நான் ஒப்புக்கொள்ள நாளாயிற்று. ஸ்டீவன் லிக்ட்மன் குழுவினர் 1992இல், எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவினரின் உணவையும் உழைப்பையும் அளந்து பார்த்தார்கள். அவர்கள் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உழைத்ததை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை, ஏனென்றால் தை மாதத்தில் சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி முதல் நாள் அளந்தபோது, 200 கிராம் என்று நான் குறித்துவைத்த இரண்டு கரண்டிச் சோறு 290 கிராம் இருந்தது. அந்த 90 கிராம் ஏறக்குறைய 115 கலோரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைப்பக்கம் நடக்கப் போன நாள்கள் வாரத்துக்கு இரண்டோ மூன்றோதான் என்பதையும் குறிப்பேடுதான் காட்டியது. நான் ஐந்து என்று மனமார நம்பியிருந்தேன்.

இங்கே நம் மண்ணின் கதையும் இருக்கிறது. குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று போகமும் சேற்றில் குனிந்து நட்டு, களையெடுத்து, அறுத்து, கட்டுச் சுமந்த உடம்புக்காக ஏற்பட்டவை நம் மூன்று வேளைச் சோறும் பழையதும். இன்று நடவுக்கு இயந்திரம், அறுவடைக்கு இயந்திரம், கடைத்தெருவுக்கு இருசக்கர வண்டி. வேலை போய்விட்டது, தட்டு அப்படியே இருக்கிறது. பாரம்பரிய நெல்லுக்கு மாறினால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று இப்போது பலர் நம்புகிறார்கள். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் மீட்டுக் கொடுத்த ரகங்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எங்கள் வீட்டிலும் மாப்பிள்ளைச் சம்பாதான். தீட்டாத அரிசியில் நார்ச்சத்து அதிகம், வயிறும் சீக்கிரம் நிறைகிறது. ஆனால் எந்த அரிசியானாலும் சமைக்காத 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரிதான். ரகம் அளவுக்கு மாற்று ஆகாது.

எடை உண்மையிலேயே நின்றதா என்று பார்ப்பதற்கும் பொறுமை வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து தன் எடையைப்போல் மூன்று மடங்கு நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. முதல் இரண்டு வாரங்களில் வேகமாகக் குறைவதில் பெரும்பகுதி அந்த நீர். அந்த வேகத்தை எப்போதும் எதிர்பார்ப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநீதி. மாதவிடாய்க்கு முன்னும், ஊறுகாய், அப்பளம் கூடிய விருந்துக்குப் பின்னும் நீர் சேர்ந்து கொழுப்பு குறைந்ததை மறைத்துவிடும். எனக்கு எடை நின்ற 11 வாரங்களில் இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ.யிலிருந்து 94 செ.மீ. ஆனது. இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனாலே எச்சரிக்கை என்பதால், தராசைவிட அளவுநாடாவைத்தான் நான் இப்போது பெரிதும் நம்புகிறேன்.

நான் செய்தவை இவை. மார்கழியில் குறைக்கும் முயற்சியை மூன்று வாரம் விட்டு, கூடாமல் பார்த்துக்கொள்வதை மட்டும் வேலையாக வைத்துக்கொண்டேன். விடியற்காலைக் கோயில் பொங்கலை ஒரு தொன்னை அளவோடு மனக்குறையின்றிச் சாப்பிட்டேன். பத்து கிலோ குறைத்தவர் அதைக் கூடாமல் காக்கக் கற்காவிட்டால் குறைத்ததற்குப் பொருளே இல்லை என்பதால், அந்த மூன்று வாரங்களை வீண் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். தையிலிருந்து சோற்றை அளந்து வைத்து, அந்த இடத்தில் மொச்சை, பாசிப்பயறு, முட்டை, விரால் மீன் என்று புரதத்தைக் கூட்டினேன். அதற்கு முன் மருத்துவர் என் சிறுநீரகப் பரிசோதனையையும் தைராய்டு பரிசோதனையையும் பார்த்துவிட்டார். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது, தசை கரைந்தால் செலவு இன்னும் குறைகிறது. அதனால் வாரத்துக்கு மூன்று நாள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, 5 கிலோ அரிசிப் பைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்கும் நடப்பது என்று செய்தேன். நடையில் வராத பலம் இதில் வந்தது.

இப்போது பலரும் பேசும் எடை குறைக்கும் ஊசி மருந்திலும் இந்த நிற்றல் உண்டு. ஸெமாகுளுடைட் என்ற அத்தகைய மருந்தின் ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக ஏறக்குறைய 15 சதவீதம் எடை குறைந்தது. ஆனால் 60ஆம் வாரத்தை ஒட்டி அங்கும் எடை இறங்கும் கோடு கிடையாகிவிட்டது. மருந்து வேண்டியவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வதில் எந்த இழிவும் இல்லை; ஊசி போட்டவருக்கே நிற்கும் எடை, சோற்றை மட்டும் அளந்தவருக்கு நிற்காதா?

ஒன்றை மட்டும் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், எடை நின்றுவிட்டது என்று யார் பேச்சைக் கேட்டும் ஒரு வேளை உணவை விட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஓர் அம்மா அப்படி இரவுச் சாப்பாட்டை விட்டு, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்தார். நள்ளிரவில் வியர்த்து, பேச்சுக் குழறி, பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரை தாழ்ந்திருந்தது. பிழைத்துவிட்டார். உணவைக் குறைப்பதற்கு முன் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது அவருக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று.

பங்குனிக் கடைசியில் என் எடை 72.4 ஆனது. மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறது. இடுப்பு 91 செ.மீ. வெள்ளிக்கிழமை மட்டும் எடை பார்க்கிறேன். சோற்றை இனிமேல் குறைப்பதாக இல்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் இங்கே வந்து சேரும் வரை இப்படியே இருந்து பார்க்கப் போகிறேன்.