விற்பனை வேறு, கட்டுப்பாடு வேறு

"2022-ல் ஏர் இந்தியாவை டாடாவிடம் கொடுத்ததால்தான் டிக்கெட் விலை அரசின் கையை விட்டுப் போனது" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. விமான சேவையை அரசின் ஏகபோகமாக்கிய 1953-ம் ஆண்டின் விமானக் கழகச் சட்டம் 1994-லேயே நீக்கப்பட்டுவிட்டது. அதன்பின், ஏர் இந்தியா அரசிடம் இருந்தபோதே கட்டணத்தை அந்தந்த நிறுவனம்தான் நிர்ணயித்தது.

தனியார்மயம் அரசின் கையைக் கட்டவும் இல்லை. கொரோனா காலத்தில், 2020 மே 25 முதல், பயண நேரத்தை ஏழு பிரிவாக்கி உள்நாட்டுக் கட்டணத்துக்குக் கீழ்வரம்பு, மேல்வரம்பு இரண்டும் வைத்தார்கள். (கீழ்வரம்பை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், மலிவாக விற்கவும் தடை!) இன்டிகோவுக்கும் அதே விதிதான். ஜனவரி 27, 2022-ல் ஏர் இந்தியா கைமாறிய பிறகும் ஆகஸ்ட் 31 வரை அது நீடித்தது.

விமானிகளின் பணிநேரம், பராமரிப்புச் சான்று எல்லாம் இன்றும் அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வசம்தான், முதலாளி யாராக இருந்தாலும்.