கோழிக்கடையில் தியானம்

(புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. சென்னையில் ஒரு கோழிக்கடை. கூண்டு காலி, தராசு காலி, ஓட்டுவதற்கு ஈகூட இல்லை. கடைக்காரர் சம்மணமிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்.)

சார்: அண்ணே... தூக்கமா?

அண்ணன்: மூச்சைக் கவனிக்கிறேன் சார். வேறு எதைக் கவனிப்பது, கல்லாவையா?

சார்: கோழிக்கடையில் தியானமா!

அண்ணன்: போன வருஷப் புரட்டாசியில் கடையைச் சாத்திவிட்டுத் திருநீர்மலை விபாசனா தியான மையத்துக்குப் போனேன். 10 நாள். காலை 4 மணிக்கு மணி அடித்து எழுப்பிவிடுவார்கள், போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், யாரிடமும் பேசக்கூடாது, ராத்திரிச் சாப்பாடு கிடையாது, சாயங்காலம் டீயும் பழமும் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

சார்: உங்கள் தொழிலுக்கு எப்படிச் சரிப்பட்டது?

அண்ணன்: அங்கே இருக்கிறவரை எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்று விதி. புரட்டாசியில் அதை ஊரே எனக்காகப் பார்த்துக்கொள்கிறதே! கொசு விஷயத்தில்தான் கொஞ்சம் கஷ்டம்.

சார்: நானும் ஒன்றாம் தேதியிலிருந்து சுத்த சைவம். உடம்பு லேசாகும் என்றார்கள், 3 கிலோ ஏறியிருக்கிறது.

அண்ணன்: காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?

சார்: நெய்ப் பொங்கல், வடை. மத்தியானம் உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். நாலு மணிக்கு பஜ்ஜி. ராத்திரி பரோட்டா, அதற்கும் வெஜ் குருமாதான், சத்தியமாக.

அண்ணன்: கோழி தப்பித்தது, நீங்கள் எண்ணெயில் மாட்டிக்கொண்டீர்கள். கீரை எங்கே, பயறு எங்கே? நார்ச்சத்து காயிலும் பருப்பிலும் இருக்கிறது, கோழியில் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது, இதை விற்கிற நானே சொல்கிறேன். கீரையோடு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும், சாப்பிட்ட கையோடு காபி குடித்தீர்களோ, போச்சு. அப்புறம் வைட்டமின் பி12 செடிகொடியில் கிடைக்காது, அதனால் பாலையும் தயிரையும் விட்டுவிடாதீர்கள்.

சார்: டாக்டருக்குப் படித்தீர்களா அண்ணே?

அண்ணன்: டாக்டர் எழுதிக்கொடுக்கிற டயட் சீட்டை ஆளாளுக்கு என்னிடம்தானே கொண்டுவந்து நீட்டுகிறார்கள், ‘தோல் எடுத்துக் கால் கிலோ போடலாமா பாருங்க’ என்று. எத்தனை சீட்டு படித்திருப்பேன்!

சார்: சரி, தியானத்தால் என்ன பலன்?

அண்ணன்: முன்பெல்லாம் ‘இன்னும் சின்னதாக வெட்டுங்க’ என்று ஒருத்தர் ஆறாவது தடவை சொன்னால் கத்தியை ஓங்கிக் கட்டையில் போடுவேன். இப்போது ஓங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு வந்து நின்றுவிடுகிறது, சின்னதாகவே வெட்டிக்கொடுத்துவிடுகிறேன். பிபி மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை, அது டாக்டர் சொன்னால்தான். நீங்களும் உட்காருங்கள். கண்ணை மூடி, மூக்கு நுனியில் மூச்சு வந்துபோவதைப் பாருங்கள்.

சார்: (அரை நிமிஷம் கழித்து) தெரிகிறது அண்ணே.

அண்ணன்: மூச்சா?

சார்: லெக் பீஸ்.

அண்ணன்: பரவாயில்லை. மனசு ஓடத்தான் செய்யும், அதைத் திட்டாமல் மறுபடி மூச்சுக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், இதற்குத்தான் இவ்வளவு நேரம் உட்காருவதே.

சார்: கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மிளகு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

அண்ணன்: (கண்ணைத் திறந்து) வந்த விஷயத்தைச் சொல்லுங்கள் சார்.

சார்: ஐப்பசி ஒன்றாம் தேதிக்கு 2 கிலோ எழுதி வையுங்கள்.

அண்ணன்: (நோட்டைப் புரட்டி) நீங்கள் 47-வது ஆள். கூட்டம் பிய்த்துக்கொள்ளும், காலை 4 மணிக்கே வந்துவிடுங்கள்.

சார்: 4 மணிக்கு யார் அண்ணே எழுந்திருப்பது!

அண்ணன்: வேண்டுமானால் மணி அடித்து எழுப்ப ஆள் அனுப்பட்டுமா?