மொத்தக் கணக்கு வேறு, தலைக் கணக்கு வேறு

"உலகிலேயே அதிகமாக ஆன்டிபயாட்டிக் விழுங்குபவர் இந்தியர்தான், மருத்துவர் ரமணன் லட்சுமிநாராயணனே சொல்லிவிட்டார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. லட்சுமிநாராயணனும் சேர்ந்து 2014-இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-இல் மொத்தப் பயன்பாட்டில் இந்தியா முதலிடம்: சுமார் 1,290 கோடி அலகுகள் (மாத்திரை, கேப்சூல், ஊசிக்குப்பி என்று எண்ணியது). ஆனால் தலைக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 10.7தான். அதே கணக்கில் அமெரிக்கர் ஒருவருக்கு 22, ஏறக்குறைய இரு மடங்கு! ஜனத்தொகையால் வகுக்காமல் பழி போட்டால் எப்படி? அதற்காக இங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. சாதாரண சளிக்கும் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவது நடக்கத்தான் செய்கிறது. அப்புறம், லட்சுமிநாராயணன் மருத்துவரே இல்லை. பிலானியில் பொறியியல் படித்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்.