எட்டு மாதக் குட்டிக்கு நாலு நிமிடத் தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை அந்தியூர்ச் சந்தையில் ஓர் அண்ணன் ஒரு குதிரைக்குட்டியைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன லைவ் வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இன்று காலையில் அதையே வெட்டி, குட்டியின் காலுக்குச் சிவப்பு அம்பு போட்டு, சிரிக்கிற பொம்மையோடு என் இன்பாக்ஸுக்கே நாலு பேர் அனுப்பியிருக்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

அந்தக் குட்டிக்கு வயது எட்டு மாதம். வாயைத் திறந்து பார்த்தால் ஓரத்துப் பால் பல் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. அந்தியூர்ச் சந்தைக் கூட்டத்தில், பக்கத்தில் ராட்டினத்துச் சத்தம், ஒலிபெருக்கி, தாயை விட்டுப் பிரித்துக் கட்டிய பயம். இத்தனைக்கும் நடுவில் அண்ணன் நாலு நிமிடம் சுற்றி வந்தார். "இது வம்சத்துக்கு ஆகாது. காயடிச்சு ஜட்கா வண்டிக்குப் பழக்கு, அதுக்குத்தான் லாயக்கு" என்றார். போய்விட்டார். கீழே வரிசையாக "சூப்பர்ணே", "கரெக்ட்டா சொன்னீங்கண்ணே". முன்பணத்தோடு வந்திருந்த கரூர்க்காரர் சாயங்காலம் பஸ் ஏறிவிட்டார்.

அண்ணன் சொன்ன முதல் குறை, பின்பக்கம் தூக்கலாக இருக்கிறதாம். எட்டு மாதக் குட்டிக்குப் பின்பக்கம் தூக்காமல் என்ன செய்யும்? குதிரைக்குட்டி ஒரே சீராக வளர்வதில்லை. கொஞ்ச நாள் பின்பக்கம் உயரும், அப்புறம் முன்பக்கம் எட்டிப் பிடிக்கும், மறுபடி பின்பக்கம் போகும். வீட்டில் பத்தாம் வகுப்புப் பையன் இருந்தால் தெரியும், கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் வளர்ந்து கிடப்பான். போதாக்குறைக்கு அந்த வீடியோவை நிறுத்திப் பாருங்கள். பின்னங்கால் இரண்டும் மண்மேட்டில் நிற்கிறது. குட்டியை மேட்டில் நிறுத்திவிட்டு பின்பக்கம் உயரம் என்றால் நான் என்ன சொல்ல?

இரண்டாவது, முன்னங்கால் குளம்பு வெளியே பார்க்கிறதாம். நெஞ்சு ஒடுக்கமாக இருக்கிற வயசில் முழங்கை உள்ளே ஒட்டி, கால் மொத்தமாகவே கொஞ்சம் வெளியே திரும்பித்தான் நிற்கும். நெஞ்சு விரிய விரிய அது உள்ளே வரும். குளம்புக்கு மேலே இருக்கிற கணுவில் மட்டும் கோணல் என்றால் அது வேறு விஷயம். அங்கே எலும்பின் வளர்ச்சி முதல் சில மாதங்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும், அதற்குள் லாடக்காரரையும் டாக்டரையும் பிடித்துச் சரிசெய்தால்தான் உண்டு. முழங்காலுக்கு இன்னும் காலம் இருக்கிறது, அது இரண்டு வயதைத் தாண்டியும் வளரும். கோணல் கணுவிலா முழங்காலிலா, கால் மொத்தமாகத் திரும்பியிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க ஒரு நிமிடம் குனிந்தால் போதும். அண்ணன் குனியவே இல்லை. வெள்ளை வேட்டி.

வம்சத்துக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்ல வந்தவர் முதலில் வாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். மேல் பல் வரிசை முன்னால் தள்ளிக் கிளி மூக்கு மாதிரி இருந்தால் அந்தக் குதிரையைப் பொலிக்கு, அதாவது இனப்பெருக்கத்துக்கு, விடக் கூடாது. அடுத்தது, விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டால் அதுவும் பொலிக்கு ஆகாது. இந்த இரண்டையும் அவர் பார்க்கவில்லை. எதைப் பார்த்தார்? காது நுனி இரண்டும் தொடவில்லை என்று பார்த்தார். மார்வார், கத்தியவார் இனக் குதிரைக்கு நுனி தொடுகிற காது அழகுதான், நான் மறுக்கவில்லை. காதால் எந்தக் குதிரை நடந்தது?

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி. தாயைப் போய்ப் பார்த்தாரா? தாய் அங்கேயே, ஐம்பது அடி தள்ளி வேப்பமரத்தடியில் கட்டியிருந்தது. ஒன்பது வயது, நாலு ஈத்து, ஒரு நாள் நொண்டியதில்லை. பார்க்கவில்லை.

எங்கள் அப்பா ஈரோடு ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவர். பழைய நண்பர்களுக்குத் தெரியும். குதிரை வாங்கப் போனால் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பின்னால் தள்ளி நின்றுகொண்டு, தார் ரோட்டில் நடத்திக் காட்டச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். குளம்புச் சத்தம் நாலும் ஒரே மாதிரி விழுகிறதா என்று கேட்பார். ஒன்று இழுத்தாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். குட்டி வாங்குவதாக இருந்தால் தாயைக் காட்டாதவரிடம் விலையே பேசமாட்டார். "குட்டி ஏமாத்தும் சாமி, தாய் ஏமாத்தாது" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அவர் பேச்சைக் கேட்காமல் நானும் ஒருமுறை பட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில், கழுத்தில் ராசி என்று சொல்கிற தேவமணி முடிச்சுழி, நுனி தொடுகிற காது என்று மயங்கி, நகையை அடகு வைத்து ஓர் ஆண் குட்டி வாங்கினேன். தாய் வேறு ஊரில் இருக்கிறது என்றார்கள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு வயதில் பின்னங்கால் முட்டி வீங்க ஆரம்பித்தது. அப்புறம்தான் தேடிப் போய்த் தாயைப் பார்த்தேன். அதே முட்டி, அதே வீக்கம், ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. அடகு மீட்க மூன்று வருஷம் ஆனது, அதை வீட்டம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

அடுத்து வருகிற கமெண்ட் தெரியும். "சுழி சாஸ்திரத்தையே கேலி பண்றீங்களா?" இல்லை சாமி. கண்ணுக்குக் கீழே கண்ணீர்ச் சுழி இருக்கிற குதிரையை என் வீட்டுக்குள் கொண்டுவர எனக்கே தைரியம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். வாங்குகிறவர்கள் பார்க்கிறார்கள், அதனால் விலையில் அது நிற்கிறது. அதற்காகச் சுழியைப் பார்த்துக் காலுக்கு மார்க் போடாதீர்கள்.

"குட்டியிலேயே பார்த்துச் சொல்றவங்கதான் கில்லாடி" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அமெரிக்காவில் கோடிக்கணக்கில் கொட்டி, கம்ப்யூட்டர் வைத்துக் குட்டி வாங்குகிறவர்களே சறுக்கியிருக்கிறார்கள் தம்பி. 1983ல் கென்டக்கி ஏலத்தில் ஸ்னாஃபி டான்சர் என்ற குட்டி 1 கோடியே 2 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. பொலிக்கு விட்டார்கள், மொத்தமே நாலு குட்டி. சியாட்டில் ஸ்லூ என்ற குட்டிக்கு வலது முன்னங்கால் வெளியே திரும்பியிருந்தது, 17,500 டாலருக்குத்தான் போனது. 1977ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயத்தையும் ஜெயித்தது, பின்னால் பெரிய பொலிகுதிரையாகவும் பேர் வாங்கியது. நார்தர்ன் டான்சர் என்ற குட்டியைக் குள்ளம் என்று 25,000 டாலருக்கு ஆள் வரவில்லை. அதன் வம்சம் இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிறது. கோணல் கால் நல்லது என்று நான் சொல்வதாக யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பிளாக் செய்துவிடுவேன்.

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குட்டிக்கு முழங்கால் பக்கவாட்டில் பார்த்தால் கொஞ்சம் பின்வாங்கித்தான் இருக்கிறது. அது நல்லதில்லை, வளர்ந்தால் போய்விடும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அண்ணன் அதைச் சொல்லவே இல்லையே! இருக்கிற ஒரே குறையை விட்டுவிட்டு இல்லாத மூன்றைச் சொன்னார்.

"உனக்கு ஏன் இவ்வளவு எரியுது?" ஒளிக்கவில்லை. அந்தத் தாய் என் வீட்டில் பிறந்தது. பதினொரு மாதம் சினையாக இருந்த அதன் அம்மாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் பிடித்துப் பிரசவம் பார்த்தது நானும் என் மகளும். இப்போது அது சத்தியமங்கலத்துத் தம்பியிடம் இருக்கிறது, குட்டி அவருடையது. ஆக எனக்குப் பாசம் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எரிவது அதனால் இல்லை. "ஜட்காவுக்குத்தான் லாயக்கு" என்றாரே, அந்த "தான்". அது என்ன இளக்காரம்? ஜட்காக் குதிரை காலையில் நாலு மணிக்குப் பூட்டினால் கடைசி ரயில் போகிறவரை தார் ரோட்டில் நிற்கும், நடக்கும், பாரம் இழுக்கும். கால் சரியில்லாத குதிரைக்கு அங்கே ஒரு மாதம்கூட வேலை கிடையாது. அலங்காரம் பண்ணி டிரம்ஸுக்கு ஆடவிடுகிற குதிரை நொண்டினால் லாயத்தில் நின்றுகொள்ளும். எங்கள் குதிரை நொண்டினால் அன்றைக்கு எங்கள் வீட்டில் ராத்திரிச் சோறு இல்லை. அதற்குக் கொள்ளு வெந்த பிறகுதான் எங்களுக்கு உலை வைப்பார் அம்மா. என் பள்ளிக்கூடப் பணம், அக்கா கல்யாணம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்த நாலு காலில் வந்தது. இந்த ஊரில் குதிரைக் காலைப் பற்றி ஜட்காக்காரனைவிட எவனுக்கு என்ன தெரியும்? அப்பா இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கக்கூட மாட்டார், துண்டை உதறியிருப்பார். எனக்கு அந்தப் பக்குவம் வரவில்லை.

சத்தியமங்கலத்துத் தம்பி நேற்று போன் செய்து, "காயடிச்சுடலாமாங்ணா?" என்று கேட்டார். குரலே இல்லை. இரண்டரை வயதில் முதல் ஜோடி நிரந்தரப் பல் முளைக்கட்டும், அதுவரை கத்தி வைக்காதே, பெண் குதிரைப் பக்கமும் விடாதே என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு முழங்கால் சரியில்லை என்றால் நானே டாக்டரைக் கூட்டிவருவேன்.

அண்ணனுக்கும் அம்பு போட்டவர்களுக்கும்: தம்பி லாயத்துக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம், தாயும் அங்கேதான் கட்டியிருக்கிறது. செல்போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் மட்டும் போய் நிற்காதீர்கள். அவள் உதைப்பாள்.