ஹேடரை விற்றதும் பர்ன்ஸை விற்றதும் ஒன்றல்ல

பேஸ்பால் அணியான மில்வாக்கி பிரூவர்ஸ், தன் பிட்சர் (பந்து வீசுபவர்) ஃப்ரெடி பெரால்டாவையும் நியூயார்க் மெட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. 2026 ஜனவரியில் அந்தச் செய்தி வந்ததிலிருந்து மில்வாக்கி பிரூவர்ஸ் ரசிகர்கள் நிர்வாகத்தைத் திட்டித் தீர்க்கிறார்கள். நல்ல பிட்சர் ஒருவர் உருவானால் உடனே விற்றுவிடுவதா என்று. கோபம் புரிகிறது. ஆனால் இந்த அணி ஸ்டார் பிட்சரை விற்று நாசமானது ஒரே ஒரு முறைதான், அதற்குக் காரணம் விற்ற நேரம் என்பது என் கட்சி.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் ஆறு ஆண்டு சர்வீஸ் முடியும்வரை வீரர் அணியின் பிடியில்தான் இருப்பார். அவரைக் கேட்காமலேயே வேறு ஊர் அணிக்கு மாற்றிவிடலாம். ஆறு ஆண்டு முடிந்தால் அவர் ராஜா, யார் அதிகம் தருகிறார்களோ அங்கே போவார். மில்வாக்கியோ லீகிலேயே மிகச் சிறிய டிவி சந்தை. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் அணிகளோடு பணத்தில் மல்லுக்கு நிற்க முடியாது. அதனால் கடைசி ஆண்டு நெருங்கும்போது பதிலுக்குக் கிடைக்கும் வீரர்களை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள்.

2022 ஆகஸ்ட் 1 அன்று ஜோஷ் ஹேடரை சான் டியேகோவுக்குக் கொடுத்தார்கள். ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுப்பதில் அவரைப்போல் ஆள் அப்போது அரிது. அன்றைக்குப் பிரூவர்ஸ் தங்கள் பிரிவில் முதலிடம், மூன்று ஆட்டம் முன்னிலை. பதிலுக்கு வந்த நால்வரில் டினெல்சன் லமெட்டை ஒரு பந்துகூட வீச விடாமல் இரண்டே நாளில் கழற்றிவிட்டார்கள். டிரெஸ்ஸிங் ரூமில் இருப்பவன் என்ன நினைப்பான்? ஜெயித்துக்கொண்டிருக்கிறோம், மேலிடத்துக்கே நம்பிக்கை இல்லை போலிருக்கிறது என்றுதானே? கடைசியில் ஒரே ஒரு வெற்றி குறைந்து, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று கைநழுவியது.

அப்புறம் நடந்ததுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது. 2022இல் நேஷனல் லீகிலேயே (மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்று) அதிகமாக 243 பேரை ஸ்ட்ரைக்அவுட் முறையில் அவுட்டாக்கியவர் பிரூவர்ஸின் கார்பின் பர்ன்ஸ், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை முந்தைய ஆண்டு வாங்கியவர். 2023க்கு அவர் கேட்ட சம்பளம் 1.075 கோடி டாலர், அணி தருவதாகச் சொன்னது 1.001 கோடி. இந்த வித்தியாசத்துக்காக சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் குழு முன்னால் போய், பிளேஆஃப் தவறியதற்கு அவரையே காரணமாகக் காட்டி வாதாடினார்கள் என்று பர்ன்ஸே வெளியில் சொன்னார். அணி வழக்கில் ஜெயித்தது, ஆளை இழந்தது. ஏழு லட்சத்துச் சொச்சம் டாலர் மிச்சம் பிடிக்கப்போய்!

2024 பிப்ரவரி 1 அன்று அவரை பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு அனுப்பினார்கள். ஜோயி ஓர்டிஸ், டி.எல். ஹால், கூடவே புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஓர் இடம் கிடைத்தது. பயிற்சி முகாம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டதால், இனி யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்தே எல்லோரும் களமிறங்கினார்கள். இத்தனைக்கும் இன்னொரு முக்கிய பிட்சர் பிராண்டன் உட்ரஃப் தோள்பட்டை அறுவை சிகிச்சையால் அந்த ஆண்டு முழுக்க இல்லை. மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) கிரெய்க் கவுன்செல் போட்டியாளரான சிகாகோ கப்ஸுக்கே போய்விட்டார். புது மேனேஜர் பேட் மர்ஃபி, பெரால்டாவை முன்னால் நிறுத்தி, காலின் ரே, டோபியாஸ் மையர்ஸ் என்று பெரிய பெயர் இல்லாதவர்களை வைத்தே ஆண்டை ஓட்டினார். பர்ன்ஸ் இருந்த 2023இல் 92 வெற்றி, இல்லாத 2024இல் 93. 2025இல் 97, அது அந்த ஆண்டு மேஜர் லீகிலேயே அதிகம்.

பால்டிமோரில் பர்ன்ஸும் அபாரமாகத்தான் வீசினார். ஒரே ஒரு பிளேஆஃப் ஆட்டம், எட்டு இன்னிங்ஸ், விட்டுக்கொடுத்தது ஒரே ரன். அணி 1-0 என்று தோற்றது. பிறகு ஆறு ஆண்டுக்கு 21 கோடி டாலர் என்று அரிசோனாவுக்குப் போனார், 2025 ஜூனில் முழங்கை அறுவை சிகிச்சை. பாவம். மில்வாக்கி அந்தத் தொகையைக் கனவில்கூட கொடுத்திருக்க முடியாது.

'அக்டோபரில், அதாவது பிளேஆஃபில், ஸ்டார் பிட்சர் வேண்டாமா?' என்று கேட்பார்கள். வேண்டும்தான். 2025 பிளேஆஃபில் பிரூவர்ஸை எதிர்த்த டாட்ஜர்ஸின் பிட்சர்கள் ஸ்னெல்லும் யமமோட்டோவும் ஓடானியும் அதைத்தான் காட்டினார்கள். ஆனால் அந்தத் தொடரில் பிரூவர்ஸ் நான்கு ஆட்டத்திலும் தோற்றபோது எடுத்த மொத்த ரன் நான்கு. ஆட்டத்துக்கு ஒன்று! பர்ன்ஸ், ஹேடர், பெரால்டா மூவரும் சேர்ந்து வீசியிருந்தாலும் அதை வைத்து எங்கே ஜெயிப்பது?

இப்போது பெரால்டாவை வாங்கியிருப்பது யார் என்று பாருங்கள். மெட்ஸின் டேவிட் ஸ்டெர்ன்ஸ். மில்வாக்கி நிர்வாகத்தில் இருந்தபோது ஹேடரை விற்ற அதே ஆள்! விற்கும் இடத்தில் இருந்தவர் வாங்கும் இடத்துக்கு மாறிவிட்டார், பணமிருந்தால் பார்வையும் மாறும்போல.

பெரால்டாவுக்கு ஒப்பந்தத்தில் பாக்கி இருந்தது ஓர் ஆண்டுதான். விற்றது ஜனவரியில், வந்தவர்களில் ஜெட் வில்லியம்ஸ் பேட்டிங் செய்பவர். இந்த அணிக்குக் குறை இருப்பதும் அங்கேதான். அவர் அடிக்கிறாரா என்று கொஞ்ச நாள் பார்ப்போம். அடிக்காவிட்டால் சொல்லுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.